கண்ணே அளவுகோல்: மோட்டார் சைக்கிள் ட்ரையலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

(பதிவு நீளமானது. விளையாட்டு வரலாற்றிலும் சொற்பொருளியலிலும் ஆர்வமுள்ள மாணவ நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

வேகத்தை அளக்காத மோட்டார் போட்டி ஒன்று உண்டு என்றால் நம்மில் பலர் நம்பத் தயங்குவர். பிரித்தானியாவில் பிறந்து இன்றும் அங்குள்ள சிற்றூர்க் கழகங்களால் ஞாயிறுதோறும் நடத்தப்பட்டு வரும் ‘ட்ரையல்’ அத்தகையது. மலைச்சரிவிலோ ஓடைப்படுகையிலோ வேர்கள் பின்னிய காட்டுச் சேற்றிலோ ஒரு சிறு துண்டு நிலத்தைக் குறியட்டைகளால் வரையறுப்பர். அதற்குப் ‘பகுதி’ என்று பெயர். ஓட்டுநர் அதன் தொடக்கம் முதல் முடிவு வரை காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். ஊன்றினால் தண்டப்புள்ளி. நாள் முடிவில் எவர் கணக்கில் புள்ளி மிகக் குறைவோ அவரே வென்றவர்.

ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் ஒருவர் அட்டையும் பென்சிலும் ஏந்தி நிற்பார். அவர் ஊதியம் பெறும் நடுவர் அல்லர். அவ்வூர்க் கழகத்தின் உறுப்பினராகவோ, ஓட்டுநர் ஒருவரின் தந்தையாகவோ மனைவியாகவோ, முழங்கால் தேய்ந்து ஓட்டுவதை விட்டுவிட்ட முதியவராகவோ இருப்பார். ஆங்கிலத்தில் அவரை ‘அப்சர்வர்’ என்பர். தேர்தல் ஆணையத்தின் வழக்கைப் பின்பற்றிப் ‘பார்வையாளர்’ என்று தமிழாக்கினால் வேடிக்கை பார்க்க வந்தவர் என்ற பொருள் வந்துவிடும். தேர்வறையில் நாம் அஞ்சிப் பழகிய ‘கண்காணிப்பாளர்’ என்ற சொல்லே பொருந்துகிறது.

ட்ரையலின் வரலாறு பெரும்பாலும் வண்டிகளின் வரலாறாகவும் வெற்றியாளர்களின் வரலாறாகவுமே சொல்லப்படுகிறது. அந்த அட்டையேந்தியவரின் இடத்தில் நின்று பார்த்தால் அதே வரலாறு வேறொன்றாகத் தெரிகிறது என்பதே என் கருத்து. கடிகாரத்தை விலக்கிய ஒரு விளையாட்டு அதன் இடத்தில் ஒரு சாதாரண மனிதரின் கண்ணை வைத்தது. பின்னர் நிகழ்ந்த விதிச் சண்டைகள், வண்டி மாற்றங்கள், கழகங்களின் இன்றைய தவிப்பு ஆகியவற்றுள் பெரும்பாலானவை அக்கண்ணால் எதைத் தீர்ப்பிட முடியும், எதை முடியாது என்பதைச் சுற்றியே நிகழ்ந்தன.

கடிகாரம் ஏன் விலக்கப்பட்டது? விடை விளையாட்டில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் பிரித்தானியப் பொதுச்சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 20 மைல் என்று வகுத்தது. சாலைகளை மூடிப் பந்தயம் நடத்தவும் அங்கு வழியில்லை. தனக்கெனச் சட்டமன்றம் உடைய மேன் தீவு 1904இல் பந்தயத்துக்காகச் சாலைகளை மூட இசைந்தது. 1907இல் அங்கே டூரிஸ்ட் டிராபி பிறந்தது. பந்தயம் கடல் கடந்து போக, பெருநிலத்தில் எஞ்சியது ‘நம்பகச் சோதனை’ மட்டுமே. குறித்த நேர அட்டவணைப்படி, வரம்புக்கு உட்பட்ட வேகத்தில், நெடுந்தொலைவு சென்று வண்டி பழுதாகாமல் திரும்புவதே அதன் நோக்கம். 1900இல் மோட்டார் கார்களுக்காக நடத்தப்பட்ட ஆயிரம் மைல் ட்ரையல் இதற்கு முன்மாதிரி. 1901இல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிளிங் கிளப் 1904இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும், 1908இல் லாண்ட்ஸ் எண்ட் முனைக்கும் ஓட்டங்களை ஏற்பாடு செய்தது. 1909இல் ஸ்காட்லாந்தில் ஐந்து நாள் ட்ரையல் நடந்தது. மறு ஆண்டே அது ஆறு நாளாக நீண்டு, ‘ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ்’ என்ற பெயரில் இன்றளவும் தொடர்கிறது.

அக்காலத்தில் சோதிக்கப்பட்டது வண்டியே, ஓட்டுநர் அன்று. ஒற்றை வேகப் பற்சக்கரமும் தோல் வாரும் கொண்ட வண்டிக்கு ஒரு செங்குத்தான மண்சாலையே பெருந்தடை. மழை பெய்தால் வார் வழுக்கும், வண்டி நின்றுவிடும், ஓட்டுநர் இறங்கித் தள்ளுவார். எனவே மேடுகளில் ஆட்களை நிறுத்தி, எவர் இறங்காமல் ஏறினார் என்று குறித்துக்கொண்டனர். கண்காணிப்பாளர் இப்படித்தான் தோன்றினார். நேரக்கணக்கோடு இணைந்த ஒரு துணைச்சான்றாக மட்டுமே அவர் குறிப்பு அப்போது பயன்பட்டது.

இங்கே சொல்லாராய்ச்சி சிறிது. ‘ட்ரையல்’ என்பதன் வேர் புடைத்தல், பிரித்தெடுத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலோ-பிரெஞ்சு வினை. முறத்தில் இட்டுப் பதரை நீக்குவதுதான் அதன் அடிப்படைப் படிமம். தமிழில் நாம் வழங்கும் ‘சோதனை’ வடமொழியின் சோதன என்பதிலிருந்து வந்தது, அதற்குத் தூய்மையாக்கல் என்பது முதற்பொருள். கால் ஊன்றாமல் ஒரு பகுதியைக் கடப்பதை ட்ரையல்காரர்கள் ‘க்ளீன்’ என்றே சொல்கின்றனர். இரு மொழிகளும் தம்முள் பேசிக்கொள்ளாமலேயே ஒரே உருவகத்துக்கு வந்து சேர்ந்திருப்பதை நான் இங்கே சுட்டுவது வெறும் ரசனைக்காகத்தான், வாதத்துக்கு அது தேவையில்லை.

பற்சக்கரப் பெட்டியும் சங்கிலியும் வந்தபின் சாதாரண மேடுகள் யாரையும் புடைக்கவில்லை. எல்லோரும் ஏறிவிட்டனர். அமைப்பாளர்கள் சாலையை விட்டு விலகி, கற்பாதை, ஓடை, சதுப்பு என்று தேடத் தொடங்கினர். 1914இல் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் செய்தது இத்திருப்பத்தின் தெளிவான அடையாளம். அவருடைய நீர்குளிர்ச்சி இருவீச்சு வண்டிகள் 1912, 1913 ஆகிய இரு ஆண்டுகளிலும் மேன் தீவின் சீனியர் பந்தயத்தை வென்றிருந்தன. அவர் தம் ஷிப்லி தொழிற்சாலைத் தொழிலாளர்களை அழைத்து, யார்க்ஷயர் மேட்டுநிலங்களின் ஊடே பர்ன்சால் வரை ஓட்டிக் காட்டுங்கள் என்று சவால் விடுத்தார். புறப்பட்ட 14 பேரில் 9 பேரே சேர்ந்தனர். உலகப்போருக்குப் பின் மீண்ட அந்நிகழ்வு, 1926இல் தொழிற்சாலையின் கையிலிருந்து வட்டாரக் கழகங்களின் கைக்கு மாறியது. இன்று ரிச்மண்ட் நகரத்து மோட்டார் கழகம் அதனை நடத்துகிறது. முதலாளி தம் ஆட்களுக்கு வைத்த தேர்வு, ஊரார் ஊராருக்கு நடத்தும் திருவிழாவானது என்று சுருங்கச் சொல்லலாம்.

ஸ்காட் ட்ரையலில் கடிகாரம் முழுமையாக நீங்கவில்லை. மிக விரைவாக முடித்தவரின் நேரமே அளவு. அதற்குப் பிந்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு புள்ளி, பகுதிகளில் ஊன்றிய கால்களுக்கு வேறு புள்ளி. விரைந்தால் கால் ஊன்ற நேரும், நிதானித்தால் நிமிடம் போகும். விரைவில் முதல்வரும் கால் ஊன்றாமையில் முதல்வரும் இருவேறு ஆட்களாயிருக்க, மூன்றாமவர் கோப்பையை எடுத்துச் செல்வதற்கும் இடமுண்டு. மற்ற ட்ரையல்கள் நாளடைவில் நேரத்தைப் பின்தள்ளிக் கண்ணையே முதன்மையாக்கின. 1925இல் கோப் ஹில் மேட்டுப் பந்தயத்தில் வேடிக்கை பார்த்தவர் ஒருவர் காயமுற்றதை அடுத்துப் பொதுச்சாலைகளில் வேகப்போட்டிக்கு அனுமதி வழங்குவது நிறுத்தப்பட்டது. வேகமற்ற போட்டிக்கு மட்டுமே சாலையோரத்தில் வாழ்வு என்பது அத்துடன் உறுதியானது.

பெண்கள் பற்றி ஒரு குறிப்பு. 1927இல் ஏரி மாவட்டத்தின் ஆம்பிள்சைடில் நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரையலில் மார்ஜரி காட்டல், ஈடித் ஃபோலி, லூயி மக்லீன் ஆகிய மூவரைக் கொண்ட பிரித்தானிய மகளிர் அணி வெள்ளிக் கோப்பையை வென்றது. பெண்ணே ஓட்டுகிறாள் பாருங்கள் என்று விளம்பரம் செய்ய உற்பத்தியாளர்கள் அவர்களைப் பயன்படுத்திக்கொண்டனர் என்பது உண்மை. ஆயினும் கண்காணிப்பாளரின் அட்டையில் ஓட்டுநரின் எண் மட்டுமே இருக்கும் என்பதும் உண்மை.

இனிப் புள்ளிமுறை. இன்று பரவலாக உள்ள விதிப்படி ஒருமுறை கால் ஊன்றினால் 1, இருமுறை என்றால் 2, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 3. வண்டி விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ பகுதியை முடிக்க முடியாமற் போனாலோ 5. நான்கு என்ற எண்ணே கிடையாது. பழைய வழக்கில் இரண்டும் இருக்கவில்லை, ஒன்றுக்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3தான். இந்த இடைவெளிகள் எனக்கு வேற்றுமைப் பட்டியல்களின் இடைவெளிகளை நினைவூட்டுகின்றன. எல்லாவற்றையும் எண்ண இயலாத ஒரு கண்ணுக்கு, எண்ணத் தக்கவற்றை மட்டும் விட்டுவைத்த அமைப்பு இது. மூன்றாவது முறை கால் பட்டவுடன் கண்காணிப்பாளர் எண்ணுவதை நிறுத்திவிடலாம். ஓட்டுநரும் அதை அறிவார். மூன்று போய்விட்டது என்று தெரிந்ததும் இரு கால்களாலும் துழாவியபடி எப்படியாவது வெளியேறி ஐந்தைத் தவிர்ப்பதும் ஒரு கலையே.

1961ஆம் ஆண்டின் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலில் கார்டன் ஜாக்சன் ஏ.ஜே.எஸ். வண்டியில் ஒரேயொரு புள்ளி மட்டும் இழந்து வென்றார். ஆறு நாட்களில் ஒரே ஒருமுறை கால் பட்டது. ட்ரையல் ஆர்வலர்களிடம் கேட்டால் ஓட்டியவர் பெயரையும் வண்டியின் பதிவெண்ணையும் உடனே சொல்வர். அந்த ‘1’ஐ எழுதியவரைப் பற்றி எவரும் பேசக் காணோம். ஒருவேளை அவர் ஒருகணம் வேறெங்கோ பார்த்திருந்தால் விளையாட்டின் மிகப் பெரிய சாதனை புள்ளியே இல்லாத சாதனையாகியிருக்கும். அவர் பார்த்தார், எழுதினார். முன்னணி வீரரின் வெற்றியை ஒட்டுமொத்தமாக ஊர்க்காரர் ஒருவரின் நேர்மை தாங்கி நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை. இன்றைய நிலையில் அதே போட்டியில் ஏறத்தாழ 280 பேர் ஓட்டுகின்றனர், நாளொன்றுக்கு 30 பகுதிகள். ஆறு நாளைக்குப் பெருக்கிப் பார்த்தால் ஐம்பதாயிரம் தீர்ப்புகள். மே மாதத்து ஸ்காட்லாந்து மழையில், ஊதியமின்றி.

ஒரு சாதாரணக் கழக ட்ரையலுக்கு வேண்டிய உழைப்பையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வரலாற்றாசிரியர்கள் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். முதலில் நிலம். உழவரிடமோ கற்சுரங்க உரிமையாளரிடமோ பேசி இசைவு பெற வேண்டும். ஆடு குட்டி போடும் காலம், காட்டுக்கோழி வேட்டைக் காலம் என்று அவரவர் நாட்காட்டி வேறு. அடுத்து 1903இல் தொடங்கி 1907இல் ஆட்டோ சைக்கிள் யூனியன் எனப் பெயர் மாறிய தலைமை அமைப்பின் அனுமதிச் சீட்டு. பிறகு அந்நிகழ்வுக்கான துணைவிதிகளை அச்சிட்டு அனுப்புதல். பின்னரே பகுதிகளை வகுத்தல். வலப்புறம் சிவப்புக் குறி, இடப்புறம் நீலக் குறி, இரண்டுக்கும் நடுவே சக்கரம் செல்ல வேண்டும். இதைப் பொறுப்பேற்றுச் செய்பவருக்கு ‘கிளார்க் ஆஃப் த கோர்ஸ்’ என்று பட்டம். நம் அலுவலகக் கிளார்க்கை எண்ணிவிடக் கூடாது, களத்தில் அவர் சொல்லே அரசாணை.

பகுதி வகுப்பதில்தான் அமைப்பாளரின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. மிக எளிதாக்கினால் எல்லோரும் சுழியத்துடன் முடிப்பர், வென்றவரைப் பிரிக்க இயலாது. மிகக் கடினமாக்கினால் எல்லோருக்கும் ஐந்து, அதிலும் பிரிவினை இல்லை. தேர்ந்தவர் சிலவற்றை இழக்கவும், புதியவர் அடிபடாமல் வீடு திரும்பவும் ஒரே பாறையில் இடம் காண வேண்டும். வினாத்தாள் அமைத்த ஆசிரியர்களுக்கு இத்துன்பம் புரியும். அதோடு காலையில் வறண்டிருந்த கல், நூறு சக்கரங்கள் ஏறியபின் பிற்பகலில் எண்ணெய் பூசியது போலாகிவிடும். முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் ஒரே வினாத்தாள் கிடைப்பதில்லை. இதற்கு எந்த விதியும் முழுத் தீர்வு காணவில்லை. ஒரே பகுதிகளை மூன்று நான்கு சுற்றுகள் ஓட்டச் செய்வது ஓரளவு ஈடுகட்டுகிறது, அவ்வளவே.

நம் நாட்டுடன் இவ்வரலாற்றுக்கு உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பை ட்ரையலுக்கு ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் பின்சக்கரத்துக்கு ஊசலாடும் கைச்சட்டமும் சுருள்வில்லும் பொருத்திய புல்லட் முன்மாதிரிகளைக் கொண்டுவந்தது. சேற்றில் பிடிப்புக்குப் பின்புறம் விறைப்பாகவே இருக்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் உறுதியாக நம்பிய காலம் அது. அவ்வாண்டே இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரையலில் இரண்டு புல்லட்டுகள் தங்கப்பதக்கம் பெற்றன. ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் புல்லட்டிலேயே ஸ்காட்டிஷ் ட்ரையலை வென்றார். இந்த இரு வெற்றிகளுக்கும் இடையே, 1955இல், சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் இருந்து வெளிவந்து நம் காவல்துறையினரும் படைவீரரும் பண்ணையாரும் ஏறிச் சென்ற வண்டியின் பின்சட்டம், ஆங்கிலச் சிற்றூர்களின் சேற்றில் புடைத்தெடுக்கப்பட்டது. 2019இல் அந்நிறுவனம் ‘புல்லட் ட்ரையல்ஸ்’ என்ற பெயரில் ஒரு வண்டியை இங்கே விற்பனைக்கு விட்டது. நம் ஊரில் ட்ரையல் என்றால் துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கும் அறைதான் நினைவுக்கு வரும். அப்பெயரின் பின்னணி வாங்கியவர்களுள் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்று அப்போதே எண்ணியதுண்டு.

1960களில் நிலைமை மாறியது. ஐந்நூறு சி.சி. ஏரியல் வண்டியில் அசைக்க முடியாதவராயிருந்த வட அயர்லாந்துக்காரர் சாமி மில்லர், பார்சிலோனாவின் புல்டாகோ நிறுவனத்துடன் இணைந்து 244 சி.சி. இருவீச்சு வண்டி ஒன்றை உருவாக்கி, 1965இல் அதனால் ஸ்காட்டிஷ் ட்ரையலை வென்றார். அப்போட்டியில் வெளிநாட்டு வண்டி வென்றது அதுவே முதல்முறை. பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழிலின் வீழ்ச்சிக் கதையில் இதனை ஓர் அத்தியாயமாகச் சேர்ப்பது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வண்டியின் எடை குறைந்தது. எடை குறையவே பகுதிகள் கடினமாயின. பகுதிகள் கடினமாகவே புதிய உத்திகள் தோன்றின. 1975இல் உலக வாகையர் பட்டம் நிறுவப்பட்டு, யார்க்ஷயரின் மார்ட்டின் லாம்ப்கின் முதலில் அதை வென்றார். 1987இல் தொடங்கி ஏழு முறை உலகப் பட்டம் பெற்ற கத்தலோனியரான ஜோர்டி தாரெஸ், மிதிவண்டி ட்ரையலில் பழகியவர். வண்டியை நிறுத்தி, சமன் செய்து, பின்சக்கரத்தைத் துள்ளவைத்துப் பக்கவாட்டில் நகர்த்தும் வித்தையை அவர் தலைமுறை கொண்டுவந்தது.

விதி இங்கேதான் சிக்கலுக்கு உள்ளாயிற்று. பழைய விதி எளிது: நின்றால் 5. ஆனால் நிற்றல் என்றால் என்ன? ஸீனோ வெண்ட்லர் 1957இல் வினைகளை வகைப்படுத்தியபோது, கால நீட்சி உடையவற்றையும் ஒரு புள்ளியில் நிகழ்பவற்றையும் பிரித்தார். ஓடுதல் நீள்வது, நின்றுபோதல் ஒரு புள்ளி. புள்ளிக்குக் கால அளவு கிடையாது. கண்ணுக்கோ ஒன்றைக் காணச் சிறிது நேரமாவது வேண்டும். ‘முன்னோக்கிய இயக்கம் அற்றுப்போதல்’ என்று விதிநூல் எழுதலாம். சக்கரம் ஒரு கல்லில் முட்டித் தயங்கி மீண்டும் ஏறும் அந்த இமைப்பொழுது நின்றதா, தயங்கியதா? தமிழில் ‘நின்றுவிட்டான்’, ‘நின்றுநின்று போனான்’, ‘நின்றாற்போல் இருந்தது’ என்று நமக்குத் துணைவினைகளும் உவம உருபும் உதவுகின்றன. அட்டையில் சுழியமும் ஐந்தும் மட்டுமே உள்ளன.

நிறுத்தலாம் என்று அனுமதித்தால் கண்காணிப்பாளரின் சுமை குறைகிறது, காலை எண்ணினால் போதும். ஆனால் ஓட்டம் துண்டுதுண்டாகிறது, வரிசை நீள்கிறது, வாரம் முழுவதும் வேறு வேலை செய்துவிட்டு ஞாயிறன்று வரும் ஓட்டுநர் துள்ளும் வித்தை தெரியாமல் பின்தங்குகிறார். நிறுத்தக் கூடாது என்றால் விளையாட்டு பழைய ஒழுக்கோடு இருக்கும், ஆனால் ஒவ்வொரு இமைப்பொழுதும் ஒரு வாக்குவாதம். 2013இல் உலகப் போட்டியில் நிறுத்தத் தடை மீண்டும் கொண்டுவரப்பட்டபோது எழுந்த பூசல்கள் இவ்விரு நிலைக்கும் இடையிலானவை. பிரித்தானியாவின் விதிநூல் இரு வகையையும் வைத்துக்கொண்டு, எது என்று அந்தந்தக் கழகமே முன்கூட்டி அறிவிக்கட்டும் என்று விட்டுவிட்டது. இதைக் கோழைத்தனம் என்பாருண்டு. என் பார்வையில் அது அறிவுடைமை. தீர்ப்பிடுபவர் தம் ஊர்க்காரராயிருக்கும்போது எவ்வகைத் தீர்ப்பை அவரிடம் கேட்கலாம் என்பதை அவ்வூரே முடிவு செய்வது முறை.

இன்று கழகங்களுக்கு உள்ள பெருங்கவலை ஓட்டுநர்களைவிடக் கண்காணிப்பாளர்களைப் பற்றியது. நிலச் சிக்கல்களும் உண்டு: கோமாரி நோய் பரவிய 2001இல் நாட்டுப்புறமே அடைக்கப்பட்டு ஸ்காட்டிஷ் ட்ரையல் நடக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் இயற்கைச் சூழல் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் பல பழைய மண்பாதைகளில் மோட்டார் வண்டி செல்லும் உரிமையை நீக்கியது. ஆயினும் நிலம் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் பகுதிகளைக் குறைக்கும் நிலை வேறுவகைத் துயரம். கண்காணிக்க வருபவருக்கு அடுத்த போட்டியில் கட்டணமின்றி ஓட்ட இடம் தருகின்றன சில கழகங்கள். ஓட்டுநர்கள் குழுவாகச் சென்று ஒருவர் புள்ளியை மற்றவர் குறிக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. இன்னும் ஒருபடி மேலே போய், தம் புள்ளியைத் தாமே எழுதிக்கொள்ளும் ட்ரையல்களும் உண்டு.

இந்த இறுதி முறையை இகழ்ச்சியாகப் பேசுவோர் பலர். எனக்கு அதில் ஐயமும் உண்டு, ஆர்வமும் உண்டு. நண்பனின் கால் தரையில் பட்டதா பூட்ஸின் நுனி கல்லை உரசியதா என்பதை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவது, முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதுவதைவிடக் கடினம். எழுதுபவரும் ஓட்டுபவரும் ஒருவரே ஆகும்போது ‘க்ளீன்’ என்ற சொல்லின் பொருள் எப்படி நகர்கிறது என்பது நல்லதொரு களஆய்வுக்கு உரியது. ஆய்வுத்தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் கருதிப் பார்க்கலாம். ஆனால் முதலில் செய்ய வேண்டியது வேறு. மழையில் நனைந்த பழைய அட்டைகளைப் பெரும்பாலும் எவரும் பாதுகாப்பதில்லை, முடிவுப் பட்டியல்களில் எண்கள் இருக்கும், எழுதிய கை இருக்காது. 1960களில் இளைஞராய் ஓடையோரம் நின்று அந்த எண்களை எழுதியவர்கள் இப்போது எண்பதைத் தொட்டிருப்பர். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று, எதை நிற்றல் என்று கொண்டீர்கள், எவரிடம் கண்டிப்புக் காட்டினீர்கள், எவருக்கு விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.